வீரமுனையின் நினைவுச் சின்னம்

கல்முனைப் பட்டினத்திலிருந்து கடற்கரை வீதி வழியாகத் தெற்கே செல்வோர் சாய்ந்தமருதையும் காரைதீவையும் அடுத்தடுத்துக் காண்பர். காரைதீவிலிருந்து மேற்கே திரும்பி அம்பாறைக்குச் செல்லும் பெருவீதி, மாவடிப்பள்ளியைக் கடந்து, வயல்வெளியூடே சம்மாந்துறையை அடைகின்றது. சம்மாந்துறை முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் பழம்பெரும் ஊர். அதனை ஒட்டியே அமைந்துள்ளது வீரமுனை என்னும் தமிழ்க் கிராமம். இரண்டு ஊர்களுக்கும் வயல் ஒன்று, வாய்க்கால் ஒன்று, மாரியும் கோடையும் ஒன்று. ஒரே மழையை நம்பி விதைத்து, ஒரே வெயிலிற் சூடு மிதித்தவர்கள் இவ்விரு ஊராரும்.

வீரமுனையின் நடுநாயகமாக விளங்குவது சிந்து யாத்திரைப் பிள்ளையார் ஆலயம். மக்கள் அதனைச் சிந்தா யாத்திரைப் பிள்ளையார் என்றும் வழங்குவர். அந்த ஆலயத்தின் முன்னே ஒரு நினைவுத்தூபி நிற்கின்றது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 12ஆம் நாள் ஊர் மக்கள் அங்கே கூடி, விளக்கேற்றி, மலர் தூவி, இறந்தோரை நினைவுகூர்கின்றனர். உலகத்துப் பெருநகரங்களில் எழுந்துள்ள போர் நினைவு மண்டபங்களோடு ஒப்பிட்டால் இது அளவிற் சிறியது, காலத்தாலும் இளையது. எனினும் கிழக்கிலங்கையின் வரலாற்றை அறிய விரும்புவோர் இதனைக் கடந்து செல்லுதல் இயலாது. அதன் காரணத்தை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஊரின் பெயரை நோக்குதல் வேண்டும். வீரமுனையின் தோற்றம் பற்றி வழிவழியாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. மாவிட்டபுரத்தோடு தொடர்புடைய மாருதப்புரவீகவல்லிக்கும் உக்கிரசிங்க மன்னனுக்கும் பிறந்தவன் வாலசிங்கன். அவன் சோழநாடு சென்று சீர்பாததேவி என்னும் இளவரசியை மணந்தான். மணமக்கள் பரிவாரங்களோடு கடல்வழியே ஈழம் திரும்புகையில், திருகோணமலைக்கு அண்மையில் மரக்கலம் நகராது நின்றுவிட்டது. கடலடியிற் பார்த்தபோது பிள்ளையார் திருவுருவம் கிடைத்தது. இம்மரக்கலம் எங்கே கரைதட்டுகின்றதோ அங்கே ஆலயம் எடுப்பேன் என்று தேவி நேர்ந்துகொண்டாள். கலம் தென்திசை நோக்கி ஓடி வீரமுனையிலே தங்கியது. சிந்து என்பது கடல். கடல் யாத்திரையிற் கிடைத்த பிள்ளையார் ஆதலின் சிந்து யாத்திரைப் பிள்ளையார் ஆயினார். துணைவந்த வீரர் குடியமர்ந்தமையால் ஊர் வீரமுனை ஆயிற்று. இன்று கடல் சில கல் தொலைவில் இருப்பினும், சம்மாந்துறை என்னும் பெயரைச் சம்பான்துறை என்பதன் மரூஉ எனக் கொள்வோர், ஒருகாலத்தில் இப்பகுதிக்கு நீர்வழி இருந்தது என்பதற்கு அதனையும் சான்றாகக் காட்டுவர்.

இக்கதையில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது ஆராய்ச்சியாளர்க்கு உரிய வினா. சீர்பாதர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் மக்கள், தம் ஊரின் பெயரிலே வீரரைக் கண்டார்கள் என்பதே இங்குக் கருதத்தக்கது. போர்வீரர் பெயரால் அமைந்த அவ்வூரில் எழுந்துள்ள நினைவுச் சின்னமோ போர்வீரர்க்கு உரியதன்று. அது படைக்கலம் ஏந்தாத மக்களுக்காக எழுந்தது. இந்த வேறுபாட்டிலிருந்தே அதன் பொருளை உணரத் தொடங்கலாம்.

தமிழர்க்கு நினைவுக்கல் புதியதன்று. ஆநிரை கவரும் போரிலும் மீட்கும் போரிலும் வீழ்ந்த வீரர்க்குக் கல் நடும் வழக்கத்தைச் சங்க நூல்கள் பேசுகின்றன. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது ஈறாக உள்ள படிகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள், தமிழி எழுத்திலே வீரனின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. செங்கம் வட்டாரத்திலே பல்லவர் காலம் முதலான நடுகற்கள் பல உள்ளன. செங்கத்து நடுகற்களிலே பெரும்பாலும் காணப்படுவது வில்லும் வாளும் ஏந்திய ஆண்மகனின் உருவம். போரிலே அகப்பட்டு மாண்ட உழவனுக்கோ, தாய்க்கோ, குழந்தைக்கோ கல் நடும் மரபு அக்காலத்தில் இல்லை.

மேலைநாட்டிலும் பெரும்பாலும் அதுவே நிலை. முதலாம் உலகப்போர் முடிந்தபின் பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலிலே, உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்ட போர்வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தளபதிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடின்றி ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறித்தல் வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் வேரூன்றியது. அது பெரியதொரு மாற்றம். ஆயினும் அப்பெயர்களும் படைப்பட்டியலிலே இருந்தவர்களின் பெயர்களே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர் களத்தை விட்டு ஊருக்குள்ளே புகுந்தது. அதன்பின்னரே ஊராரின் பெயர்கள் கல்லில் ஏறலாயின. வீரமுனையின் தூபி இந்தப் புதிய வரிசையைச் சேர்ந்தது.

1990ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை இனிச் சுருக்கமாக நினைவுகூர்தல் தகும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு முற்றாக நீங்கியது. ஜூன் மாதம் 11ஆம் நாள் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. கிழக்கிலே சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கானோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து பாதுகாப்புப் படையினர் கிழக்கின் ஊர்களுக்குள் நுழைந்தபோது, தமிழ்க் கிராமங்களிலிருந்து மக்கள் அஞ்சி வெளியேறினர். வீரமுனை மக்களும், மல்வத்தை, வளத்தாப்பிட்டி முதலிய அயற்கிராமத்தாரும் சிந்து யாத்திரைப் பிள்ளையார் ஆலயத்திலே அடைக்கலம் புகுந்தனர். அங்கிருந்து ஆடவர் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் மீண்டு வரவில்லை.

ஓகஸ்ட் 3ஆம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, வடக்கே காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். ஓகஸ்ட் 11ஆம் நாள் இரவு ஏறாவூரிலே, உறங்கிக்கொண்டிருந்த முஸ்லிம் குடும்பங்கள் தாக்கப்பட்டன. அங்கும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விரு கொலைகளுக்கும் விடுதலைப் புலிகளே காரணர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்கள் அதனை மறுத்தனர். அந்த இரவு விடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஓகஸ்ட் 12ஆம் நாள், வீரமுனை ஆலயத்திலே அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அரச படைகளோடு சேர்ந்தியங்கிய ஊர்காவற்படையினரே இதனைச் செய்தனர் என்பது உயிர்தப்பியோரின் சாட்சியம். எஞ்சியோர் ஊரை விட்டுப் பெயர்ந்து, அகதி முகாம்களிலே சில ஆண்டுகள் வாழ்ந்து, பின்னரே தம் ஊருக்கு மீண்டனர்.

ஒரு கொலையை மற்றொன்றுக்கு நியாயமாகக் காட்டுதல் ஆகாது. காத்தான்குடியிலே தொழுதவனுக்கும் வீரமுனையிலே கோயிற்படியில் உறங்கியவனுக்கும் யாதொரு பகையும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் அவர்கள். ஆயினும் நாட்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, பத்து நாட்களுக்குள்ளே ஒரு கடற்கரையின் இரு சமூகங்களும் தத்தம் வழிபாட்டிடங்களிலும் வீடுகளிலும் எவ்வாறு வீழ்த்தப்பட்டன என்பது புலப்படும். கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தனர் என்பது பழமொழியாகவே வழங்கும் கூற்று. அது வெறும் புகழுரை அன்று. மட்டக்களப்புத் தேசத்துத் தமிழரிடையே உள்ள தாய்வழிக் குடிமுறை முஸ்லிம்களிடையேயும் உண்டு. கோயிலுக்குக் குடிவழியே வண்ணக்கர் அமைவது போலப் பள்ளிவாசலுக்கு மரைக்காயர் அமைந்தனர். வயலிலே வட்டவிதானையின் சொல்லுக்கு இரு சமூகத்தாரும் கட்டுப்பட்டனர். இத்தகைய உறவு 1985 ஏப்ரலில் காரைதீவிலே மூண்ட கலவரத்தில் ஆட்டங்கண்டது, 1990இல் அறுந்தது. அந்த அறுந்த இடத்தைச் சுட்டிக்காட்டும் சான்றாகவே வீரமுனைத் தூபி நிற்கின்றது.

இதனை மரபுச் சின்னம் என்று கொள்ளலாமா என்ற வினா எழும். இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கண்டி உடன்படிக்கை ஒப்பமான 1815 மார்ச் 2ஆம் நாளை எல்லையாக வைத்து, அதற்கு முற்பட்டவற்றையே பண்டைச் சின்னங்கள் என அது வரையறுத்தது. அந்த அளவுகோலின்படி வீரமுனைத் தூபி மரபுச் சின்னங்களின் வாயிலிலும் நில்லாது. ஆனால், பழமை ஒன்றே மதிப்பைத் தருவதில்லை என்பதை உலகம் பின்னர் உணர்ந்தது. தென் அவுஸ்திரேலியாவில் பழைய செப்புச் சுரங்கத்தையுடைய பர்ரா என்னும் சிற்றூரிலே 1979ஆம் ஆண்டு கூடிய அறிஞர்கள், ஓர் இடத்தின் மதிப்பை அழகு, வரலாறு, அறிவு, சமூகம் என்னும் பல நோக்கில் அளத்தல் வேண்டும் என்று ஒரு சாசனம் வகுத்தனர். ஓர் இடம் அதனைச் சூழ வாழும் மக்களுக்கு என்ன பொருள் தருகின்றது என்பதும் மரபின் அளவுகோலாயிற்று. 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, ருவாண்டாவில் 1994இல் நிகழ்ந்த இனப்படுகொலையின் நினைவிடங்கள் நான்கினை உலக மரபுப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றுள் ஒன்று நியமாட்டாவில் உள்ள தேவாலயம். அங்கும் மக்கள் அடைக்கலம் தேடிக் கோயிலுக்குள்ளே புகுந்தவர்களே.

இத்தகைய நோக்கோடு பார்த்தால் வீரமுனையின் மதிப்பு மூன்று வகையில் விளங்கும்.

முதலாவது, இடம். நகரச் சதுக்கத்திலே எழுப்பப்படும் தூபி, எங்கோ நிகழ்ந்த போரை நினைவூட்டுவது. வீரமுனைத் தூபியோ நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே நிற்கின்றது. அதனை வேறோர் இடத்துக்குப் பெயர்த்தால் கல் எஞ்சும், சாட்சியம் எஞ்சாது.

இரண்டாவது, பெயர். எண்ணிக்கை மறக்கப்படும், பெயர் எளிதில் மறக்கப்படுவதில்லை. பிரான்சு நாட்டின் ஒராதூர் என்னும் சிற்றூரிலே 1944 ஜூன் 10ஆம் நாள் ஜேர்மானியப் படையினர் மக்களைத் தேவாலயத்திலும் களஞ்சியங்களிலும் அடைத்துக் கொன்றனர். இறந்தோர் 642 பேர் என்பதே நெடுங்காலம் வழங்கிய கணக்கு. 2020ஆம் ஆண்டிலே அது 643 ஆயிற்று. தன் நாட்டுப் போருக்குத் தப்பி அங்கு வந்திருந்த ஸ்பானிய அகதிப் பெண்ணொருத்தியின் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தமை, எழுபத்தாறு ஆண்டுகளின் பின்னர்க் கண்டறியப்பட்டது. பெருநாடு ஒன்றிலேயே ஒரு பெயர் விடுபட முடியுமாயின், அயற்கிராமங்களிலிருந்து வந்து அடைக்கலம் புகுந்தோரைக் கொண்ட வீரமுனையிலே பெயர்களைச் சரிபார்த்தல் எத்துணை அவசியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, வழிபாடு. இங்கேதான் வீரமுனை ஏனைய இடங்களினின்றும் வேறுபடுகின்றது. ஒராதூரின் இடிபாடுகள் அவ்வாறே விடப்பட்டு, மக்களுக்காக அதன் அருகே புதிய ஊர் கட்டப்பட்டது. நியமாட்டாவின் தேவாலயம் வழிபாட்டிடமாக இருந்த நிலை மாறி, நினைவிடமாகவே ஆகிவிட்டது. வீரமுனை மக்களோ திரும்பி வந்து அதே ஆலயத்திலே விளக்கேற்றினர். திருவிழாவும் நடக்கின்றது, நினைவுநாளும் வருகின்றது. பிறந்த குழந்தையை முதன்முதலிற் கொண்டுவரும் வாயிலே இறந்தோரை நினைக்கும் வாயிலாகவும் இருக்கின்றது. காத்தான்குடியிலும் இவ்வாறே. மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரிலே குண்டுபட்ட தழும்புகளை மூடாமல் வைத்திருக்கின்றனர். அச்சுவரின் முன்னே ஐவேளைத் தொழுகையும் நடைபெறுகின்றது. துயரத்தை வழிபாட்டினின்றும் பிரித்துத் தனியே பூட்டிவைக்காமல், வாழ்வின் நடுவே வைத்துக்கொள்வது இக்கடற்கரையின் வழக்கம். தமிழரும் முஸ்லிம்களும் தம்முட் கலந்து பேசி இவ்வழியைத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். ஆயினும் இருவரும் ஒரே வழியை நாடினர். உறவு அறுந்த காலத்திலும் உள்ளத்தின் போக்கு ஒன்றாகவே இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அம்பாறை மாவட்டத்திலேயே மற்றொரு நினைவிடமும் உண்டு. 1987 ஜூன் 2ஆம் நாள் அரந்தலாவையிலே பேருந்தில் யாத்திரை சென்ற பௌத்த பிக்குகள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் சாமணேரர்கள். அந்நிகழ்ச்சியை நினைவூட்டப் பேருந்து ஒன்று அங்கே நினைவிடமாக வைக்கப்பட்டுள்ளது. கோயில், பள்ளிவாசல், பிக்குகளின் பேருந்து என மூன்று சமூகத்தாரின் துயரங்களும் கிழக்கின் மண்ணிலே அருகருகே கிடக்கின்றன. ஆனால், ஒவ்வொரு சமூகமும் தன் நினைவிடத்துக்கே செல்கின்றது. அயலாரின் நினைவிடத்தை அறியாதிருக்கின்றது. சிங்கள மாணவன் வீரமுனையின் பெயரைக் கேட்டதில்லை. தமிழ் மாணவன் ஏறாவூரின் இரவை அறியான். இவ்வாறு தனித்தனியே நினைத்தலில் ஓர் ஆபத்து உண்டு. தன் இழப்பை மட்டும் அறிந்தவனுக்கு, அயலவன் முழுவதும் குற்றவாளியாகவே தோன்றுவான். கொலை செய்தவர்கள் சிலர். அவர்களுக்குப் பெயரும் முகமும் உண்டு. ஊர் முழுவதற்கும் சமூகம் முழுவதற்கும் அக்குற்றத்தைச் சுமத்தினால் உண்மையான குற்றவாளி கூட்டத்துள் மறைந்துவிடுவான். நினைவுச் சின்னம் நீதியைக் கேட்பதற்கும் பகையை வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஒராதூர் இதிலும் ஒரு பாடம் தருகின்றது. 1953இல் நடந்த வழக்கிலே, குற்றவாளிகளுள் பிரான்சின் அல்சாஸ் மாகாணத்தார் பலர் இருந்தமை வெளியாயிற்று. நாட்டின் ஒற்றுமையைக் காரணங்காட்டி, அவர்களுட் பலரை அரசு மன்னித்து விடுவித்தது. மனம் புண்பட்ட ஒராதூர் மக்கள் நெடுங்காலம் அரசோடு உறவு கொள்ளாதிருந்தனர். நீதியின்றிப் பிறப்பிக்கப்பட்ட மன்னிப்பு ஆறுதலாகவில்லை. 2013ஆம் ஆண்டிலேதான் ஜேர்மனியின் குடியரசுத் தலைவர் அவ்விடிபாடுகளுக்கு வந்து, பிரெஞ்சுத் தலைவரோடும் உயிர்தப்பிய முதியவரோடும் கைகோத்து நின்றார். எழுபது ஆண்டுகள் சென்றன. மறந்துவிடுங்கள் என்று சொல்லி அந்நாளை விரைவுபடுத்த எவராலும் இயலவில்லை.

இலங்கையிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1994இன் இறுதியில் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, போரினாற் பாதிக்கப்பட்ட அனைவரையும் தேசிய தினத்திலே நினைவுகூர்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் 2018இல் இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றின் பயன் எதுவாயினும், ஓர் ஊரின் தூபி செய்யும் பணியை அலுவலகக் கோப்பு செய்தல் இயலாது. கோப்பு மூடப்படும், தூபி வெளியிலே நிற்கும்.

காலம் குறுகிக்கொண்டிருக்கின்றது. 1990இலே கோயில் மண்டபத்தில் தாயின் மடியிலே கிடந்த குழந்தைக்கு இன்று முப்பத்தைந்து வயதுக்கு மேலாகின்றது. அன்று எல்லாவற்றையும் கண்டறிந்த பெரியோரிற் பலர் மறைந்தனர். எஞ்சியிருப்போரின் வாய்மொழியை எழுத்திலும் ஒலியிலும் பதிந்துவைத்தல் முதற்கடமை. இறந்தோரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் குடும்பத்தாரோடு இருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் இரண்டாவது. ஓகஸ்ட் மாதத்து அந்த நாட்களிலே, வீரமுனையாரும் சம்மாந்துறையாரும் காத்தான்குடியாரும் ஏறாவூராரும் ஒருவர் வாயிலில் மற்றொருவர் சென்று நிற்றல் மூன்றாவது. முதலிரண்டும் அறிஞரின் உதவியோடு செய்யத்தக்கவை. மூன்றாவதற்கு அயலவரின் மனமே வேண்டும்.

அறுவடைக் காலத்திலே வீரமுனையின் வயலிலும் சம்மாந்துறையின் வயலிலும் இன்றும் ஒரே காற்றுத்தான் வீசுகின்றது. வரம்புகள் மாறவில்லை, வாய்க்கால் மாறவில்லை. அந்த வயலுக்குச் செல்லும் வழியிலே, போர்வீரரின் பெயரைத் தாங்கிய ஊரில், படைக்கலம் ஏந்தாத மக்களின் தூபி நிற்கின்றது. அதனைக் காப்பது அவ்வூராரின் பணி மட்டும் அன்று. அவ்வழியே வயலுக்குச் செல்வோர் அனைவரின் பணியும் ஆகும்.